நெய் போல இருந்த ஆயில்

மனித குலம் சக்கரத்தைக் கண்டுபிடித்த பிறகு, அந்தச் சக்கரத்தைக் குறித்து எடுக்கப்பட்ட தீர்மானங்களில் மிக முக்கியமானது திருவனந்தபுரம் கரமனையில், அக்ரஹாரத் தெரு ஒன்றில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, இரண்டாவது காபிக்கும் இட்லிக்கும் நடுவே எடுக்கப்பட்டது. எடுத்தவர் கல்யாணராமன். ஏதோ ஓர் அரசுத் துறையில் அண்டர் செக்ரட்டரியாக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற செய்தி அவருடைய குரலுக்கு இன்னும் போய்ச் சேரவில்லை. தெருக்காரர்களின் சங்கமான ஜனசமூகத்துக்கு அவர்தான் தலைவர். தீர்மானம் இதுதான்: இனி இந்தத் தெருவில் எந்தக் காரும் சில்லறைக் காரியங்களுக்காக வர்க்‌ஷாப் படி ஏறாது. ஆயில் மாற்றுவது, ஃபில்டர் துடைப்பது, தண்ணீர் ஊற்றுவது எல்லாவற்றையும் அவரவர் வாசலில் அவரவர் கையாலேயே செய்துகொள்ள வேண்டியது. பணமும் மிஞ்சும், கௌரவமும் மிஞ்சும்.

தீர்மானத்துக்கு ஆதாரம், யாரோ அவருடைய ஃபோனுக்கு அனுப்பிய ஒரு வீடியோ. அதில் பாதியைப் பார்த்தார். மீதியைப் பெரிய பதவியில் இருந்தவர்கள் வழக்கமாகச் செய்வதுபோல ஊகித்துக்கொண்டார்.

"விஜயம், இங்க வா. ஒரு சங்கதி பறையணும்."

அடுக்களையிலிருந்து விஜயலக்ஷ்மி கரண்டியோடு வந்தாள்.

"நம்ம வண்டியோட எஞ்சின் ஆயிலை நானே மாத்தப் போறேன். அடுத்த ஞாயிறு. தெரு முழுக்கப் பாக்கட்டும்."

விஜயலக்ஷ்மி அப்படியே நின்றாள். அந்த வண்டியின் எஞ்சின் ஆயிலை அவள் முந்தின செவ்வாய்க்கிழமை மத்தியானம்தான் மாற்றி முடித்திருந்தாள்.

அதற்குக் காரணம் இருந்தது. போன வருஷம் கோடைக்கு முன்னால் வர்க்‌ஷாப்பிலிருந்து வந்த பில்லைக் கண்ணாடி போட்டு ஒரு தரம், கழற்றி ஒரு தரம் படித்துவிட்டுக் கல்யாணராமன் தீர்ப்பு எழுதியிருந்தார். "இன்னும் ஒரு பில் இப்படி வரட்டும், வண்டியைத் தள்ளிடுவேன். நமக்கு எதுக்குடி கார்? நான் கோயிலுக்கு நடந்து போறேன், நீ மார்க்கெட்டுக்கு ஆட்டோல போ." அவர் வண்டி ஓட்டுவதில்லை. ஓட்டுகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து வழி சொல்வார். ஓட்டுகிறவள் விஜயலக்ஷ்மி. மகள் பெங்களூருக்குப் போன வருஷம், தன் ஐம்பத்திரண்டாவது வயதில் கற்றுக்கொண்டாள்.

அந்தத் தெருவில் வீடுகளுக்கு இடையே சந்து கிடையாது, ஒரே சுவர்தான். இந்த வீட்டில் கடுகு வெடித்தால் அடுத்த வீட்டில், "இன்னிக்கு என்ன, புளிசேரியா?" என்று கேட்பார்கள். தும்மினால் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து வாழ்த்து வரும். விஜயலக்ஷ்மிக்கு வீட்டில் தனியறை என்று எதுவும் இருந்ததில்லை. பூட்டுப் போட்ட அலமாரிகூட இல்லை. வாரம் ஒரு நாள், சாலை பஜாருக்குக் காய்கறி வாங்கப் போகிறேன் என்று சொல்லி வண்டியை எடுப்பாள். காயை வாங்கிக்கொண்டு நேராக வெள்ளாயணிக் காயலுக்குப் போவாள். கரையோரம் வண்டியை நிறுத்தி, கண்ணாடி நான்கையும் ஏற்றிவிட்டு, ஃபிளாஸ்கில் கொண்டுபோன காபியைக் குடிப்பாள். அவ்வளவுதான். பாட மாட்டாள், அழ மாட்டாள், யாருக்கும் ஃபோன் செய்ய மாட்டாள். தண்ணீரைப் பார்த்துக்கொண்டு, யார் கேள்விக்கும் பதில் சொல்லாமல் அரை மணி உட்கார்ந்துவிட்டுத் திரும்பி வருவாள். உலகத்தில் அவளுக்கென்று கதவைச் சாத்திக்கொள்ளக் கிடைத்த ஒரே அறைக்கு நான்கு சக்கரம் இருந்தது.

அதனால்தான் அடுத்த பில் வருவதற்கு முன்பே முந்திக்கொண்டாள். வண்டியோடு கொடுத்த புத்தகத்தை எடுத்துப் படித்தாள். மலையாளத்தில் ஒரு பையன் பொறுமையாகச் சொல்லித் தரும் வீடியோவைக் கடைசி வரை, இரண்டு தரம் பார்த்தாள். ஆயில் டப்பாவும் ஃபில்டரும் காய்கறிப் பையில் முருங்கைக்காய்க்கு அடியில் படுத்து வீட்டுக்கு வந்தன. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு தெருவே தூங்கும் நேரத்தில், முன்சக்கரம் இரண்டும் வாசல் சரிவில் ஏறி நிற்கும்படி வண்டியை நிறுத்தினாள். பின்சக்கரங்களுக்குப் பின்னால் செங்கல் வைத்தாள். பழைய பாயை விரித்து அடியில் நுழைந்தாள்.

பக்கத்து வீட்டு ஆஷா துணி எடுக்க வாசலுக்கு வந்தவள், காருக்கு அடியிலிருந்து மெட்டி போட்ட இரண்டு கால்கள் நீண்டிருப்பதைப் பார்த்து, ஐயோ என்று வாயைப் பொத்திக்கொண்டாள்.

"மன்னி! வண்டி ஏறிடுத்தா?"

"ஏறலடி. மெதுவா பேசு. அந்த ஸ்பானரை எடுத்துக் குடு."

அன்று வெளியே வந்த பழைய ஆயில் தார் மாதிரி கறுத்திருந்தது. அதைப் பாட்டில்களில் ஊற்றி மூடி, பழைய சாமான் எடுக்கும் ஆக்ரிக்காரன் வந்தபோது பழைய பேப்பரோடு சேர்த்துக் கொடுத்துவிட்டாள். கையில் இருந்த கறை போக இரண்டு நாள் ஆயிற்று. கேட்டால் வாழைப்பூ என்று சொல்லத் தயாராக இருந்தாள். யாரும் கேட்கவில்லை.

இப்போது கரண்டியோடு நின்றவள் சொன்னாள்: "ஏன்னா, அந்த ஆயில் வந்து..."

"இரு, இரு. குறுக்கே பேசாதே. ஸ்வாகத உரையை யார் பண்றதுன்னு யோசிச்சிண்டிருக்கேன்."

புதன்கிழமை இன்னொரு தரம் முயன்றாள். அவர் கண்ணாடி முன் நின்று உரையைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார். "அன்பார்ந்த கிராம ஜனங்களே! எண்ணெய் என்பது என்ன?" என்று கேட்டுவிட்டு, பதில் வராத கண்ணாடியைக் கடுமையாகப் பார்த்தார். விஜயலக்ஷ்மி திரும்பிப் போனாள். போகட்டும், புது ஆயிலை இறக்கிவிட்டு வேறொரு புது ஆயில் ஊற்றுவார். கொஞ்சம் காசு வீண், வண்டிக்குக் கெடுதல் ஒன்றுமில்லை என்று கணக்குப் போட்டாள். அவள் கணக்கில் நிறம் வரவில்லை.

திருவனந்தபுரத்தில் எதையும் சும்மா தொடங்க முடியாது. குழாய் ரிப்பேர் ஆனாலும் நிலவிளக்கு ஏற்றி, பொன்னாடை போர்த்தி, உத்காடனம் என்று ஒரு தொடக்க விழா நடத்தினால்தான் தொடங்கியதாகப் பொருள். கல்யாணராமன் வாசலில் நிலவிளக்கு வந்தது. ஃப்ளெக்ஸ் வந்தது. அதில் ‘ஸ்வயம் வாகன ரக்ஷா யக்ஞம்’ என்று எழுதி, ஸ்பானரும் தாமரையும் போட்டிருந்தார்கள். தாமரை ஏன் என்று பிரஸ்காரனைக் கேட்டதற்கு, ஃப்ளெக்ஸ் என்றால் தாமரை உண்டு என்றான். ஜனசமூகத்தின் செயலாளர் அழகியநம்பி, ஆஷாவின் புருஷர், பக்கத்து வீட்டுக்காரர், கல்யாணராமன் சொன்னதை ஒரு நிமிஷம் கழித்துத் தன் கருத்தாகச் சொல்லும் திறமை உள்ளவர், மைக்கைத் தட்டிப் பார்த்தார்.

ஒவ்வொருவரும் ஒவ்வொரு திரியாக ஏற்றினார்கள். கல்யாணராமன் முக்கால் மணி பேசினார். எண்ணெய் என்பது என்ன என்ற கேள்விக்குக் கடைசி வரை பதில் சொல்லவில்லை. பிறகு பட்டுக்கரை வேஷ்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு, வண்டிக்கு அடியில் புதுப் பாயில் படுத்தார். சமூக அடுக்களையின் வாயகன்ற அலுமினியப் பாத்திரம் எஞ்சினுக்கு நேர் கீழே வைக்கப்பட்டது.

போல்ட் ஒரே திருகில் கழன்றது. விஜயலக்ஷ்மி தன் கைக்குத் தகுந்த மாதிரி முறுக்கி வைத்திருந்த போல்ட் அது.

"பாத்தேளா!" அடியிலிருந்து குரல் வந்தது. "ஒரு சுத்து! வர்க்‌ஷாப்ல இதுக்கு ரெண்டு ஆள் நிப்பான்!"

ஆயில் விழுந்தது. தேன் மாதிரி, வெயிலில் மின்னிக்கொண்டு, பாத்திரத்தின் அடி தெரிய விழுந்தது. கூட்டம் குனிந்து பார்த்தது. அழகியநம்பி ஒரு விரலை விட்டு எடுத்து வெளிச்சத்தில் காட்டினார்.

"அண்ணா, இது பசு நெய்யாக்கும்!"

கல்யாணராமன் வெளியே ஊர்ந்து வந்தார். எழுந்து நின்றார். பாத்திரத்தைப் பார்த்தார். விஜயலக்ஷ்மி வாயைத் திறந்தாள். அவர் அதற்குள் மைக்கை வாங்கிவிட்டார்.

"கவனிக்கணும்! போன வருஷம் ஊத்தின ஆயில் இது. கண்ணால பாருங்கோ. கெட்டிருக்கா? கறுத்திருக்கா? இதை மாத்தணும்னு சொல்லித்தானே இத்தனை வருஷமா நம்மகிட்ட பில் போட்டான்! ஒரு எண்ணெயை வருஷா வருஷம் மாத்தணும்னா, ஆத்துல குழந்தைகளையும் மாத்துவானா?"

கைதட்டல். யாரோ "கொள்ளாம், கொள்ளாம்!" என்றார்கள். போல்ட் திரும்பப் பூட்டப்பட்டது. அதே ஆயில் புனல் வைத்துத் திரும்பவும் எஞ்சினுக்குள் மரியாதையோடு ஊற்றப்பட்டது. வாங்கி வைத்திருந்த புது டப்பா மூடி திறக்காமல் அலமாரிக்குப் போயிற்று. யக்ஞம் தொடங்கிய அன்றே தன் முதல் உண்மையைக் கண்டுபிடித்துவிட்டது: நல்ல குடும்பத்து வண்டிக்கு ஆயில் மாற்றவே வேண்டாம்.

"இந்த வண்டியை நான் விக்கறதா இருந்தேன்," என்றார் கல்யாணராமன் தழுதழுத்த குரலில். "இனி விக்கமாட்டேன். இது கார் இல்லை. சாட்சி."

விஜயலக்ஷ்மி வாயை மூடிக்கொண்டாள். வண்டி கைவிட்டுப் போகாமல் வீட்டிலேயே நின்றுவிட்டது. வாயைத் திறந்தால் போய்விடும். இதைவிட எளிமையான கணக்கு அவளுக்கு வாழ்க்கையில் கிடைத்ததில்லை.

அன்று சாயங்காலம் கொல்லைச் சுவருக்கு மேல் ஆஷாவின் தலை தெரிந்தது.

"என்ன மன்னி, சொல்லியிருக்கலாமே. நான் பாத்துண்டே நின்னேன்."

"சொன்னா வண்டி போயிடும்டி."

"உங்க வண்டி நின்னுடுத்து. எங்காத்து வண்டி? இனி ஆயிலே மாத்தமாட்டேன்னு இப்பவே குதிக்கறார். எஞ்சின் வெந்து போகும் அல்லே? நடுரோட்டுல நின்னா யார் தள்ளறது, உங்காத்து யக்ஞமா?"

விஜயலக்ஷ்மி சுவர்ப் பக்கம் நெருங்கி, "அவர் எத்தனை மணிக்குத் தூங்குவார்?" என்று கேட்டாள்.

அலமாரிக்குப் போன புது டப்பா ஆஷா வீட்டு வண்டிக்குள் போயிற்று. ஆஷாவுக்கு ஒரு சிநேகிதி. அவளுக்கும் ஒரு கார், ஒரு புருஷர், இரண்டையும் பற்றிக் கவலை. எதிர்வரிசையில் இன்னொருத்தி. சில வாரங்களுக்குள் தெருவில் இருந்த நான்கு வண்டிகளின் ஆயிலும், நான்கு குறட்டைகளின் காவலில், புதிதாகிவிட்டது. முருங்கைக்காய் விற்பனை கூடியது. வீடுகளில் முருங்கைக்காய் சாம்பார் அலுத்துப்போன புருஷர்கள், விலை இறங்கியிருக்கும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஆண்கள் மாதத்தின் முதல் ஞாயிறு ஊர்வலமாகப் போய் ஒவ்வொரு வண்டியிலும் ஆயில் அளவு பார்க்கும் கம்பியை உருவி, வெள்ளைத் துணியில் துடைத்து, துணியை எல்லோருக்கும் காட்டினார்கள். தேன் நிறம். ஒவ்வொரு மாதமும் தேன் நிறம். சந்தேகப்பட்டிருந்த ஒரே ஆளும், ஒரு காலத்தில் காலேஜில் கெமிஸ்ட்ரி சொல்லித் தந்தவர், துணியை மோந்து பார்த்துவிட்டுச் சங்கத்தில் சேர்ந்தார். கரமனை ஆற்றுக் காற்றில் ஏதோ விசேஷம் இருக்கிறது என்பது அவருடைய சொந்த ஆராய்ச்சி.

வெள்ளாயணிக் கரையில் கண்ணாடி ஏற்றிய வண்டிக்குள் விஜயலக்ஷ்மி இதைப் பற்றி யோசித்தாள். முன்பெல்லாம் அங்கே அவள் எதையும் யோசித்ததில்லை. அந்த இடத்தின் உபயோகமே அதுதான். இப்போது காபி ஆறும் வரை யோசனை கூடவே வந்தது. அவள் பொய் எதுவும் சொல்லவில்லை. சொன்னவர்கள் வேறு. ஆனால் அந்தப் பொய் அணையாமல் எரிவதற்கு மாதாமாதம் எண்ணெய் ஊற்றுகிறவள் அவள்தான். ஊற்றாவிட்டால் நான்கு எஞ்சின்கள் போகும், நான்கு பெண்களின் சாவிகளும் போகும். ஊற்றினால் அந்த மனுஷர்கள் இன்னும் கொஞ்சம் முட்டாள்களாவார்கள். ஒரு மனுஷரை அவர் நன்மைக்காகவே முட்டாளாக வைத்திருக்கலாமா? கல்யாணம் ஆன நாளிலிருந்து வேறு என்ன செய்தோம் என்றும் தோன்றியது. அந்த நினைப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. கண்ணாடியை இறக்கி மீதிக் காபியைக் கொட்டினாள்.

கீர்த்தி தெற்கே பரவியது. ஆடி மாதம் பாறசாலையிலிருந்து தங்கையன் என்று ஒருவர் வந்தார். ரப்பர் ஷீட் வியாபாரம். வெள்ளைச் சட்டை, கையில் குடை. வண்டியைச் சுற்றி இரண்டு தரம் நடந்து, டயரைக் காலால் தட்டி, கம்பியை உருவிப் பார்த்தார்.

"எம் மவ பிந்துக்கு நர்ஸ் வேலை கிடைச்சிருக்கு சாரே. ஆஸ்பத்திரிக்குப் போக வர ஒரு வண்டி வேணும். ஆயிலே மாத்தண்டாத்த வண்டி ஒண்ணு கரமனைல கிடக்குன்னு எங்க ஊருல எல்லாவனும் சொல்லுதான். உள்ளதா?"

"உள்ளதுதான். ஆனா வில்பனைக்கு இல்லை," என்றார் கல்யாணராமன்.

தங்கையன் ஒரு தொகை சொன்னார். கல்யாணராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். விஜயலக்ஷ்மி காபி கொண்டு வந்தவள் அந்தக் கண்ணாடி துடைப்பதைப் பார்த்தாள். முப்பது வருஷமாகப் பார்க்கிற துடைப்பு அது. அதற்கு அர்த்தம் ஒன்றுதான்.

"ஒரு தத்துவம் நாலு ஊருக்குப் பரவறதுன்னா, நாம தடையா நிக்கப்படாது..." என்று கல்யாணராமன் தொடங்கினார்.

விஜயலக்ஷ்மி காபித் தட்டைக் கீழே வைத்தாள்.

"அந்த ஆயிலை மாத்தினது நான்."

"என்ன பறையறே நீ?"

"நீங்க அந்தத் தீர்மானம் எடுத்தேளே, அதுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை. நீங்க தூங்கறச்சே. அன்னிக்கு விழுந்தது நான் ஊத்தின புது ஆயில். அப்புறமும் மாத்தியிருக்கேன். தெருவுல மத்த மூணு வண்டிக்கும் நான்தான் மாத்தறேன்." தங்கையனைப் பார்த்தாள். "ஆயில் மாத்தாம எந்த வண்டியும் ஓடாது. இதை நம்பி வாங்காதேங்கோ. உங்க பொண்ணு வழியில நின்னுடுவா."

சுவருக்கு அந்தப் பக்கம் ஆஷா வீட்டு மிக்ஸி நின்றது.

கல்யாணராமன் முகத்தில் அண்டர் செக்ரட்டரி இறங்கி, வயதான ஒரு மனிதர் தெரிந்தார். "நாலு வண்டிக்குமா?" என்றார்.

"நாலுக்கும்."

"என்கிட்ட சொல்லியிருக்கலாமோல்லியோ, விஜயம்."

"சொல்ல வந்தேன். ரெண்டு தரம். உரை வாசிச்சிண்டிருந்தேள்."

அவர் தரையைப் பார்த்தார். விஜயலக்ஷ்மிக்கு ஒரு கணம் பரிதாபமாக இருந்தது. வண்டி நின்றுவிட்டது என்ற நிம்மதி அதைவிடப் பெரிதாக இருந்தது. உண்மையைச் சொல்லியும் வண்டியைக் காப்பாற்றலாம் என்பது அவளுக்கு அதுவரை தெரியாது. இது தெரிந்திருந்தால் முதல் நாளே சொல்லியிருப்பாள்.

தங்கையன் காபியை ஒரே மடக்கில் குடித்துவிட்டு எழுந்தார். வண்டிக்கு அடியில் குனிந்து பார்த்தார். நிமிர்ந்தார். முகம் மலர்ந்திருந்தது.

"அம்மா, நீங்களா அடியில படுத்து மாத்தினது? ஸ்பானர் போட்ட கீறல் பாடு ஒண்ணுமே இல்லியே! நான் அந்த அற்புதக் கதையை நம்பி வரேல்ல, கேட்டேளா. விலையைக் கொறைக்க என்ன வழின்னு பாக்க வந்தேன். ஆனா ஒரு பொம்பள வீட்டுல வச்சு பொன்னுபோல நோக்கின வண்டின்னா கண்ணை மூடிட்டு எடுக்கலாம். எம் மவளுக்கும் இதெல்லாம் ஒருக்கா சொல்லிக் குடுப்பேளா?" கல்யாணராமன் பக்கம் திரும்பினார். "சாரே, சொன்ன தொகைக்கு மேல கொஞ்சம் சேத்துத் தாறேன். இப்பவே."

கல்யாணராமன் வாசலில் நின்ற வண்டியைப் பார்த்தார். ஃப்ளெக்ஸ் இன்னும் தொங்கிக்கொண்டிருந்தது. அடுத்த முதல் ஞாயிறு வரும், அழகியநம்பி வெள்ளைத் துணியோடு வருவார், கம்பியை உருவுவார்கள், தேன் நிறம் தெரியும். அதைப் பார்த்துக்கொண்டு அவர் நிற்க வேண்டும். இனி அது சாட்சிதான்; ஆனால் எதிர்த்தரப்புச் சாட்சி. அந்த வண்டி தெருவில் நிற்கும் வரை உண்மையும் அங்கேயே நிற்கும்.

"சாவியை எடுத்துண்டு வா," என்றார். குரல் திரும்ப வந்துவிட்டது.

"ஏன்னா..."

"கெட்டிக்காரியா இருக்கே. எந்த வண்டியா இருந்தாலும் உன்னால நோக்க முடியும். அப்புறம் பாக்கலாம்."

வண்டி அவர் பெயரில் இருந்தது. தங்கையனுக்கு விஜயலக்ஷ்மி எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தாள்: எந்த ஆயில், எந்த ஃபில்டர், போல்ட்டை எவ்வளவு முறுக்க வேண்டும், முறுக்கக் கூடாதது எவ்வளவு. அவர் தலையாட்டிக் கேட்டுக்கொண்டார். கிளம்பும்போது வண்டிக்குள் கிடந்த ஃபிளாஸ்க்கை எடுத்து, "இது உங்களுக்குள்ளதுல்லா," என்று நீட்டினார். முன்கண்ணாடியில் எலுமிச்சம்பழம் கட்டித் தரட்டுமா என்று ஆஷா கேட்டாள். வேண்டாம், நாங்க வேதக்காரங்க, சர்ச்சுக்குப் போறவங்க என்றார்.

யக்ஞம் தொடர்ந்து நடக்கிறது. மூன்று வண்டிகளில் இப்போதும் தேன் நிறம்தான். அந்தத் தொகையில் ஜனசமூகத்துக்குக் கல்யாணராமன் ஒரு ஸ்பீக்கர் செட் வாங்கிக் கொடுத்தார். அதில் அவர் பெயர் எழுதியிருக்கிறது. வேறு வண்டி பற்றிப் பேச்சு வரும்போது, பார்க்கலாம் என்கிறார்.

வெள்ளாயணிக்கு பஸ் உண்டு. கூட்டமாக இருக்கும்.